நாஹாவின் கையைத் தேடி மிசிசாகாவுக்கு

மல்வேர்னில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் காலை ஏழரைக்கு பஸ் ஏறினோம். 1987 பெப்ரவரி, ஒரு சனிக்கிழமை. போகவேண்டிய இடம் மிசிசாகா. நகரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, நாற்பது கிலோமீற்றருக்கு மேல். கார் உள்ளவர்களுக்கு அது ஒரு சின்ன ஓட்டம். எங்களுக்கு அரைநாள்.

எங்களுக்கு என்றால், எனக்கும் மகேஸ் அக்காவுக்கும். நான் மட்டக்களப்பில் உடற்பயிற்சி ஆசிரியை. இங்கே தொழிற்சாலையில் பிஸ்கற் பெட்டி அடுக்குகிறேன். மகேஸ் அக்கா யாழ்ப்பாணம், எனக்கு மேல்மாடியில் இருக்கிறார். கட்டடத்தின் கீழ் மண்டபத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே வகுப்பு நடத்தப்போவதாக அறிவித்தல் ஒட்டியிருந்தேன். ஐந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள். மகேஸ் அக்காவின் மகள் கௌசியும் அதில் ஒருத்தி.

முதல் நாள் 'சஞ்சின்' செய்து காட்டினேன். மூச்சை அடக்கி, காலை ஊன்றி, மெல்ல மெல்ல நகர்ந்து செய்யும் பயிற்சி அது. கொழும்பில் கராத்தே பழகிய ஒரு தம்பி வாசலில் நின்று பார்த்தவர், தாய்மார் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "அறிவித்தலிலை கோஜு பாணி எண்டு போட்டிருக்கு. கோஜுவிலை சஞ்சின் பொத்தின கையாலை செய்யிறது. உவ விரிச்ச கையாலை செய்யிறா. தொடங்கேக்கை கும்பிடு வேறை! உது கராத்தேயே இல்லை."

எனக்கு ரத்தம் கொதித்தது. எனக்குக் கற்பித்த மாஸ்டர் திருகோணமலைத் துறைமுகத்தில் கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவின் கப்பற்காரர் ஒருவரிடம் பழகியவர். 'கோஜு' என்று அவர் சொன்னார், நாங்கள் நம்பினோம். கேட்டுத் தெளிய மாஸ்டர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது. இருக்கிறாரா என்பதும் தெரியாது.

தாய்மார் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். மகேஸ் அக்கா மட்டும் ஒரு வழி சொன்னார். ஒகினாவாவில் பிறந்த ஒருவர் மிசிசாகாவில் வகுப்பு நடத்துகிறாராம். "போய்க் கேப்பம். அவர் ஓமெண்டால் நான் மற்றாக்களுக்குச் சொல்லுறன். இல்லையெண்டால் நீ அறிவித்தலைக் கழட்டு." வழக்கும் அவரே, சாட்சியும் அவரே.

எட்டரைக்கு ஸ்காபரோவின் புது ரயில். மேலே ஓடுகிறது, பெட்டிகள் சின்னவை, வளைவில் கிறீச்சிடுகிறது. கென்னடியில் சப்வேக்கு மாறினோம். அங்கிருந்து மேற்கே ஒரே நேர்கோடு. மகேஸ் அக்கா பிளாஸ்கைத் திறந்து இஞ்சித் தேத்தண்ணி தந்தார். தந்துவிட்டுத் தொடங்கினார்.

"உன்ரை மாஸ்டர் ஊரிலை எவடம்?"

"கல்லடி."

"ஆற்றை ஆள்?"

யாழ்ப்பாணத்தவர்களிடம் எனக்கு அடியோடு பிடிக்காத கேள்வி இது. சாதியைத்தான் துழாவுகிறது என்று தெரியாத குழந்தை இல்லை நான். "கராத்தேக்கு அது எதுக்குகா?" என்றேன்.

"கோவிக்காதை. பிள்ளையைக் குடுக்கேக்கை ஆர் எவர் எண்டு பாக்கத்தானே வேணும்?"

"கலியாணமா பேசுறீங்க?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எதிரில் இருந்த வெள்ளைக்காரக் கிழவரும் ஏனென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

இஸ்லிங்ரன் நிலையத்தில் இறங்கி மிசிசாகா பஸ். இதற்கு வேறு கட்டணம்; ரொறன்ரோ மாற்றுச்சீட்டு செல்லாது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சாரதி ஒரு சீக்கியர். நான் பையைத் துழாவுவதைப் பார்த்து, "மெதுவாக, அம்மா. பஸ் எங்கும் பறந்துவிடாது" என்றார். எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன். "யாரை அடிக்கப் போகிறீர்கள்?" என்றார். மகேஸ் அக்காவைக் கண்ணால் காட்டினேன்.

தெருக்கள் அகன்றுகொண்டே போயின. நடப்பவர் ஒருவரும் இல்லை. தலைக்கு மேலே விமானங்கள் சக்கரத்தை இறக்கியபடி தாழப் பறந்தன. பத்தரைக்கு, ஒரு கார் திருத்தும் கடைக்கும் தளபாடக் கடைக்கும் இடையில் அந்த மண்டபத்தைக் கண்டுபிடித்தோம்.

ஆசிரியருக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்குக் கிட்ட. அவரை எல்லோரும் 'சென்செய்' என்று அழைத்தார்கள். ஆசிரியர் என்று பொருள். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலம் மாதிரித்தான், அதனால் பேச்சு சுலபமாக ஓடியது. வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் ஆசிரியருக்கு ஆசிரியர் யார்?"

மகேஸ் அக்கா என் விலாவில் இடித்தார். "பாத்தியே? உலகம் முழுக்க உதுதான் கேள்வி."

பெயர் தெரியாது என்றேன். "அப்படியானால் செய்து காட்டுங்கள்" என்றார் சென்செய்.

சப்பாத்தைக் கழற்றி நடுவில் போய் நின்றேன். கும்பிட்டேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சென்செய் திரும்பிப் பார்த்ததும் நின்றது. விரித்த கையோடு சஞ்சினை முழுதாகச் செய்து முடித்தேன். நிலை அசைகிறதா என்று அவர் என் தோளைத் தட்டிப் பார்த்தார், தொடையைத் தட்டிப் பார்த்தார். பிறகு வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகைக்குப் போனார்.

ஒகினாவாவின் மூன்று ஊர்களுக்கு மூன்று புள்ளிகள் வைத்தார். ஷுரி, அரண்மனை இருந்த ஊர். நாஹா, துறைமுகம். தோமாரி, பக்கத்துச் சின்னத் துறை. மூன்றும் நடந்து போகக்கூடிய தூரம், ஆனாலும் மூன்று ஊருக்கும் மூன்று 'தே'. 'தே' என்றால் கை. ஷுரிக் கையும் தோமாரிக் கையும் கலந்து ஷோரின் என்ற பாணி ஆயிற்று. நாஹாக் கையிலிருந்து கோஜு வந்தது. பிறகு பலகையின் ஓரத்தில், கடலுக்கு அப்பால், இன்னொரு புள்ளி: சீனாவின் ஃபூஜியான். சஞ்சின் அங்கிருந்து வந்தது. அங்கிருந்து நாஹாவுக்கு ஒரு கோடு. தள்ளி இன்னொரு கோடு.

"இந்த இரண்டாவது வழிக்கு உவெச்சி என்று பெயர். அங்கே போய்க் கற்று வந்தவர், பிழைப்புக்காக ஜப்பானுக்குப் போன இடத்தில், தன்னைப் போல வேலைக்கு வந்த ஒகினாவாக்காரர்களுக்குத்தான் முதலில் கற்பித்தார். அவர்கள் கையைப் பொத்தவில்லை. உங்கள் கை அந்த வீட்டுக் கை. கோஜு இல்லை."

"அப்ப மாஸ்டர் சொன்னது பிழையா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"அந்தக் கப்பற்காரர் இரண்டும் பழகியிருக்கலாம். பெயர் மாறிப் போயிருக்கலாம். கை மாறவில்லை. நாஹாவிலும் பழைய காலத்தில் விரித்த கைதான், பிறகுதான் பொத்தினார்கள் என்று சொல்வார்கள். முழங்கை மட்டும் வெளியே போகிறது, அதைத் திருத்துங்கள்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கும்பிடு?" என்றார்.

"அது எங்கள் மாஸ்டர் சேர்த்தது. கும்பிடாமல் எங்கள் ஊரில் ஒன்றும் தொடங்காது."

"ஒகினாவாவில் அது இல்லை. நான் கற்பிக்க மாட்டேன். நீங்கள் விடவும் வேண்டாம்."

அவர் இரண்டாவது கோட்டைக் கீழே நீட்டி ஒரு கப்பல் வரைந்தார். அதற்குக் கீழே மாஸ்டரின் பெயரைக் கேட்டு எழுதினார், பிறகு என் பெயரை. மாஸ்டரின் பெயரை அந்தப் பலகையில் கண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

சென்செய் வெண்கட்டியை என் பெயருக்குக் கீழே வைத்தபடி கேட்டார்: "உங்களுக்குக் கீழே யார்?"

இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. ஊரிலும் இல்லை, ரொறன்ரோவிலும் இல்லை. எங்களுக்கு மேலே யார் என்று துருவத்தான் ஆட்கள் இருக்கிறார்கள். டிலானி என்றேன், சுமதி என்றேன், இரட்டைப்பிள்ளைகள் இருவரின் பெயரையும் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். ஐந்தாவது பெயரைச் சொல்லும் உரிமை என்னிடம் இல்லை.

சுவரோரத்துக் கதிரையிலிருந்து மகேஸ் அக்கா எழுந்தார். "கௌசல்யா. மை டோட்டர்," என்றார். சென்செய் எழுத்துக்கூட்டத் தெரியாமல் தடுமாறினார். அக்கா வெண்கட்டியை வாங்கித் தமிழிலேயே எழுதினார்.

பன்னிரண்டரைக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக நின்றோம். காற்று காதை அறுத்தது. பாவாடைக்கு மேலே கோட்டும் கோட்டுக்கு மேலே சால்வையுமாக மகேஸ் அக்கா எனக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"பத்மா, கௌசியின்ரை பேருக்குக் கீழை இடம் இருந்ததே? பாத்தனீயே?"

"இருந்ததுகா."

"எவ்வளவு? அவளிட்டைப் பழகப்போற பிள்ளையளுக்குக் காணுமே?"