மெயிலின் அடியில் ஒரு விலாசம்

உத்திரமேரூர் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், வரப்புத் தகராறு என்று எழுதாத மனு இல்லை. சட்டம் யார் வீட்டுக்கு ஓடும், யார் வீட்டுக்கு நொண்டும் என்று எனக்குத் தெரியும் என்கிற திமிர் கொஞ்சம் இருந்தது. வசந்தகுமாரிக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அதுவும் போய்விட்டது.

வசந்தகுமாரி சாலவாக்கத்துப் பெண். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையரும் பாஸ் செய்தவள். அண்ணன் முத்துவேல் வீட்டில் அண்ணிக்குப் பாத்திரம் தேய்த்துக் கொடுத்து, அதற்கும் பேச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். ஊனமுற்றோருக்கு எஸ்டிடி பூத் ஒதுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்தாள். நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். காஞ்சிபுரத்துக்கு நடையாய் நடந்து, தொண்ணூற்றாறில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பூத் வைத்தாள். பின்பக்கம் ஒரு சின்ன அறை. படுக்கை, சமையல் எல்லாம் அங்கேயே. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அண்ணன் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி கையில் பழத்தோடு போவாள். அண்ணியும் எழுந்து நின்று வா என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் பூத்தை உயிராக வைத்திருந்தாள்.

செல்போன் வந்ததும் பூத் படுத்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, இன்டர்நெட் பார்க்கலாம் என்று எழுதி ஒட்டினாள். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் கூட்டம் அலைமோதும். மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான், 2004இல், ஹரிஹரசுதன் என்று ஒருவன் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, வாய் நிறைய மேடம். நான் அப்போது அங்கே பேத்திக்கு மார்க் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், அமெரிக்காவுல புதுசா ஒரு சட்டம் வந்திருக்கு. விளம்பர மெயில் அனுப்பற கம்பெனி, மெயிலுக்கு அடியில நிஜமான தபால் விலாசம் போடணும். வேண்டாம்னு சொல்றவங்களுக்கு அதைச் சொல்ல ஒரு வழி வைக்கணும். நாங்க எதையும் சட்டப்படி பண்றவங்க. உங்க பூத் விலாசத்தைப் போட்டுக்கறோம். வாசல்ல ஒரு போர்டு மாட்டுவோம், மாசாமாசம் வாடகை வந்துடும்."

"நான் இன்னா செய்யணும்?" என்றாள் வசந்தகுமாரி.

"வேண்டாம்னு கடுதாசி வரும், மெயிலும் வரும். யார் யார்னு டைப் பண்ணி வாராவாரம் எங்களுக்கு அனுப்புங்க. நாங்க அவங்க பேரை எடுத்துடுவோம்."

"எடுத்துட்டா அவங்களுக்கு வர்றது நின்னுடுமா?"

"நிக்காம? அதுக்குத்தானே சட்டமே."

போர்டு மாட்டினார்கள். எஸ்டிடி மஞ்சள் போர்டுக்குப் பக்கத்தில் நீலத்தில் ஆங்கிலப் பெயர் பளபளத்தது. ஊரில் நாலு பேர் வயிறெரிந்தார்கள். அமெரிக்கக் கம்பெனிக்கு நம் ஊரில் ஆபீஸ் என்று பஞ்சாயத்துக்காரர் ஒருவர் மேடையில் வேறு பேசிவிட்டார்.

அவள் மற்றவர்களைப் போல வாடகையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு இல்லை. வந்த ஒவ்வொரு கடுதாசியையும் டிக்ஷனரி வைத்துக்கொண்டு படித்தாள். கெஞ்சுகிறவன், திட்டுகிறவன், வக்கீல் நோட்டீஸ் விடுவேன் என்கிறவன், எல்லாருடைய மெயில் விலாசத்தையும் ஒரு புள்ளி பிசகாமல் டைப் செய்து வாராவாரம் அனுப்பினாள். ஒரு நாள் ஒரு கடுதாசியை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்துவிட்டாள்.

"இத்தக் கேளுண்ணா. புருசன் செத்துப்பூட்டாராம். அவர் பேருக்கு ஆம்பள மாத்திர வெளம்பரம் தெனமும் வந்துக்கினே கீதாம். தொறந்தாலே அழுகையா வருதுன்னு எழுதிக்கீது அந்தம்மா."

எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. வசந்தகுமாரி அந்த அம்மாள் எழுதியிருந்த மெயில் விலாசத்தைப் பட்டியலில் முதலாவதாகப் போட்டாள். அதோடு விடாமல், இனிமேல் வராது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தன் கைப்பட ஒரு பதிலும் எழுதிப் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அதே அம்மாளிடமிருந்து இன்னொரு கடுதாசி வந்தது. உனக்கு எழுதிய பிறகு நாலு மடங்காக வருகிறது, நீயும் ஒரு பெண்தானா என்று கேட்டிருந்தாள். வசந்தகுமாரி அன்று பூத்தைத் திறந்து வைத்துக்கொண்டே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஹரிஹரசுதனுக்குப் போன் போட்டால், சிஸ்டம் மாறிக்கொண்டிருக்கிறது மேடம், சரியாகிவிடும் என்றான். நம்பினாள். இன்னும் கவனமாக டைப் செய்தாள்.

மழைக்காலத்தில் ஜீப் வந்தது. அந்த மாத்திரையை வாங்கித் தின்ற எவனோ அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் விழுந்திருக்கிறான். புகார் எங்கெங்கோ சுற்றிச் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் விலாசத்தைத் தேடிக்கொண்டு நேராக பூத்துக்கு வந்துவிட்டார். பார்த்ததும் அவருக்கே சப்பென்று ஆகிவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை, உட்கார்ந்து பேசினார்.

"வேணாம்னு எழுதினவங்க லிஸ்ட்டை நீங்கதான் அனுப்புனீங்களா?"

"ஆமா சார். ஒண்ணு உடாம அனுப்புனேன்."

"அதுதாம்மா அவனுக்கு அசல் சரக்கு. அவன்கிட்ட லட்சக்கணக்குல விலாசம் கெடக்கு, எதுல ஆள் இருக்கு எதுல இல்லன்னு அவனுக்கே தெரியாது. வேணாம்னு எவன் எழுதறானோ அவன் மெயிலைத் திறந்து படிக்கறவன். அந்த லிஸ்ட்டை அவன் நாலு கம்பெனிக்கு வித்திருப்பான்."

"அப்ப சட்டம்?" என்று பக்கத்தில் நின்ற நான் கேட்டேன். தொழில் புத்தி.

"அடியில விலாசம் இருக்கு, வேணாம்னு சொல்ல வழி இருக்கு. மெயிலைப் பார்த்தா அந்த ஊர் சட்டப்படி சுத்தமா இருக்கு. பேரை எடுக்கலன்னு எவன் போய் நிரூபிக்கறது? நம்ம ஊர்ல இதுக்குன்னு தனியா சட்டமே கெடையாது." கம்ப்யூட்டரையும் கடுதாசிகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவள்மேல் வழக்குப் போடவில்லை. பெரிய சட்டம் அவளை விட்டுவிட்டது. சின்ன சட்டம் பிடித்துக்கொண்டது. ஊனமுற்றோருக்கு ஒதுக்கிய பூத்தை வேறு கம்பெனிக்கு உள்வாடகை விட்டதற்கு நீலப் போர்டே சாட்சி என்று நோட்டீஸ் வந்தது. ஒதுக்கீடு ரத்து. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று கடல் கடந்து எழுதிய சட்டம், இத்தனை பெரிய உலகத்தில் கடைசியாகத் தொந்தரவு கொடுத்தது ஒரு நொண்டிப் பெண்ணுக்கு. சொல்லவே நா கூசுகிறது.

மேல்முறையீடு எழுதினேன். ஏமாற்றப்பட்டாய் என்றால் அந்தக் கம்பெனிமேல் போலீஸில் புகார் கொடுத்த ரசீதைக் கொண்டுவா, பார்க்கலாம் என்றார்கள். நியாயமான பேச்சுதான். ஹரிஹரசுதனோ எப்போதோ கம்பி நீட்டிவிட்டான். போன் இல்லை. அவன் கொடுத்த கார்டில் இருந்த கோடம்பாக்கம் விலாசத்துக்குக் கட்டையை ஊன்றிக்கொண்டு போனாள்; அங்கே தையல் கடை இருந்தது, அவர்களுக்கு இவன் பெயரே தெரியவில்லை. வெளியே பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து மெயில் போட்டாள், ஒரு தரம் இல்லை, பல தரம். பதிலுக்கு அவள் பெட்டியிலேயே மாத்திரை விளம்பரம் கொட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

"விளம்பரம் வந்தா அடியில விலாசம் இருந்தாவணும்ணா. சட்டம் கீதே" என்று செங்கல்பட்டு வரை போய் ஒரு சென்டரில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தத் தாளோடு இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு புகாரைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "எதிரி விலாசம் எங்கம்மா?" என்றார். அவள் தாளை நீட்டினாள். அவர் அடிவரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம்... இது உன் பூத்தாச்சே. உன்மேல நீயே புகார் குடுக்கறியாம்மா?"

"அதான் சார் போட்டுக்கீது. அந்தாளு வேற எத்தயும் எழுதல" என்றாள் அவள். குரல் உடையவில்லை. அது முன்பே உடைந்து முடிந்திருந்தது.

ஏட்டு சிரிக்கவில்லை. மனுதாரருக்கும் எதிரிக்கும் ஒரே விலாசம் இருந்தால் எப்படிப் பதிவது என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இந்த விவகாரத்தில் ஹரிஹரசுதனைத் தவிர யார் சொன்னதிலும் தப்பில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

மூட்டையோடு அவளைச் சாலவாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். பூத் கதவில் வேறு ஆளின் பூட்டு. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"வோணாம்னு எழுதனவங்களுக்கு வந்து நிக்க என் வாசலாச்சும் இருந்துச்சு. நான் யார் வாசல்லண்ணா போய் நிக்கறது?"

அவள் அண்ணன் முத்துவேல் வீட்டு வாசலைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.