ஃபிரிட்ஜில் ஒட்டிய சுற்றறிக்கை

துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு என்று நம்புகிறவன். என் மகள் முதல் பிரசவத்துக்கு முன் இடுப்பெலும்பு வலியால் படுக்கையில் புரளக்கூட முடியாமல் தவித்தாள். இரண்டாவது உண்டானதும், அந்த வலி திரும்பிவிடுமோ என்று பயந்தாள். நான் என்ன செய்தேன்? செய்யக் கூடாதவை பதினான்கைத் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

ஐந்தாம் மாதம் ஒருநாள், அவள் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக மாடியிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன்.

“ஏளா, வலிக்கா? ஏன் சொல்லல?”

“மூணு வாரமா இருக்கு. சொன்னா பதினஞ்சாவது ஒண்ணு சேத்துருவிய, அதான் சொல்லலப்பா.”

மறுநாளே டாக்டரிடம் போனோம். அவர் அனுப்பிய பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் மகள் என் தாளை நீட்டினாள்.

“நடக்கவே கூடாதுன்னுல்லா போட்டிருக்கு! இத யாரு எழுதுனா?”

நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

படுத்தே கிடக்க வேண்டாம், சின்ன அடியாக நடக்கலாம், உட்கார்ந்து உடை மாற்றலாம், தூங்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்கலாம் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். வலி வந்தாலும், தொடக்கத்திலேயே சொன்னால் சமாளிக்கலாம் என்றார். மகளின் முகம் தெளிந்தது.

கப்பல் வந்து இடித்த பிறகா வழிகாட்டும் பைலட்டை அனுப்புவோம்? துறைமுகத்துக்கு வெளியிலேயே கப்பலில் ஏற்றிவிடுவோம். இது தெரிந்த நான்தான், மகளை மூன்று வாரம் வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தேன்.

இப்போது ஃபிரிட்ஜில் ஒன்றுமில்லை. சாயங்காலம் டீ குடிக்கையில், “இன்னைக்கு எப்படிளா இருக்கு?” என்று கேட்கிறேன். அவள் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் தொடுவதில்லை.