போண்டா மார்க்

என் இரண்டு தங்க வளையல்களை விற்றுத்தான் என் வீட்டுக்காரர் வெங்காய வியாபாரத்தில் இறங்கினார். நானாகத்தான் கழற்றிக் கொடுத்தேன். கொடுத்தபோது அழவும் இல்லை, பெரிதாக ஒன்றும் பேசவும் இல்லை. "சீக்கிரம் போயிட்டு வாங்க, பஸ் போயிடப் போவுது" என்றுதான் சொன்னேன். அரியலூர் நகைக்கடையில் விற்றுவிட்டு வந்தவர், இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணாடி வளையல் போட்ட கையால் குழம்பு வைத்தால் கசக்கவா போகிறது?

அது எழுபதுகளின் கடைசி. எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கம். அவர் பெரம்பலூரில் ஒரு வெங்காய மண்டியில் பல வருடமாக எடைக்கு நின்றவர். சின்ன வெங்காயத்தைக் கையில் அள்ளி ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். ஒருநாள் அந்த மண்டி முதலாளி பத்துப் பேர் முன்னால் "உனக்கென்னய்யா தெரியும்?" என்று கேட்டுவிட்டார். இவர் எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னார். சொந்த வியாபாரம் படுத்துவிட்டால் மிதித்துத்தான் ஆகவேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. அதை மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சுற்றுப்பட்டுக் காடு கழனிகளில் வெங்காயம் வாங்கி, தரம் பிரித்து, சாக்கில் பிடித்து, லாரியில் திருச்சி மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் சாக்கில் ஒரு மார்க் இருக்க வேண்டும். மார்க்கெட்டில் விடியற்காலையில் நூறு ஊர்ச் சாக்கு வந்து இறங்கும். எழுத்தை யார் நின்று படிப்பார்கள்? மீன் மார்க், நட்சத்திர மார்க், கிளி மார்க் என்று படத்தைப் பார்த்துத்தான் சுமைதூக்குகிறவர் அடுக்குவார், வாங்குகிறவர் கேட்பார்.

"சாமி படம் போடலாங்க" என்றேன்.

"மூட்டை மேல ஏறி நிப்பானுங்க, அதுலயே ஒக்காந்து டீ குடிப்பானுங்க. சாமிய மிதிக்க வுடுறதா?" என்றார். அவர் பெயரிலும் ஒரு சாமி இருந்தது. ஆகவே பெயரும் கூடாது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "ரெட்டை வளையல் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

எனக்கு உடனே வாய் துறுதுறுத்தது. "சாமிய மிதிக்கக் கூடாது, பொண்டாட்டி வளையல மிதிக்கலாமா?"

அவர் சிரிக்கவில்லை. "உனக்குத் திருப்பி வாங்கிப் போடுற வரைக்கும் ஒவ்வொரு மூட்டையிலயும் அது என் கண்ணுல படணும்" என்றார். எனக்கு அதற்கு மேல் கேலி வரவில்லை. எழுந்து போய்ப் பென்சில் எடுத்து வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு உருப்படியாக வந்த ஒரே பாடம் ஓவியம். அந்தத் தலைக்கனம் இன்னும் போகவில்லை. ஒரு சிறிய தட்டையும் டம்ளரையும் கவிழ்த்து வட்டம் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வளையல் வரைந்தேன். முதலில் பூ வேலைப்பாடெல்லாம் செய்திருந்தேன். சாக்குத் துணியில் பூ எங்கே தெரியும் என்று நானே அழித்துவிட்டேன். கடைசியில் தடித்த இரண்டு வளையம் மட்டும் நின்றது. பத்தடி தள்ளிச் சுவரில் ஒட்டி, இருவரும் வாசலில் நின்று பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது.

சாக்கில் மார்க் போடுவது தகட்டு அச்சால். தகரத்தில் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் தகரத்தைச் சாக்கின் மேல் வைத்து மை ஒற்றினால், வெட்டின இடத்தில் மட்டும் மை இறங்கும். பெரம்பலூர்க் கடைத்தெருவில் வாளியும் புனலும் செய்கிற ஒரு பாய் இருந்தார். என் படத்தை வாங்கிப் பார்த்தவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"வளையம் வெட்டுனா நடுவுல இருக்குற வட்டம் கழண்டு வுழுந்துடும் தங்கச்சி. வுழாம இருக்க மூணு எடத்துல காம்பு வுடணும்" என்றார். ஒரு பழைய தகரத்தில் வெட்டியும் காட்டினார். நடு வட்டத்தைப் பிடித்துக்கொள்ள மூன்று இடத்தில் தகரத்தை வெட்டாமல் விட்டிருந்தார். சுவரில் ஒற்றிப் பார்த்தால் ஒவ்வொரு வளையலும் மூன்று துண்டாக நின்றது.

என் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. "ஒடஞ்ச வளையலா? வேணாம் பாய், வேணவே வேணாம்."

பாய்க்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் வளையல் எப்போது உடைபடும் என்று யாருக்குத்தான் தெரியாது? "தௌபா, தௌபா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்தத் தகரத்தைக் காலுக்கடியில் தள்ளிவிட்டார். ஆனால் காம்பில்லாமல் வளையம் வெட்டும் வித்தை அப்போது அவருக்குத் தெரியவில்லை.

அங்கேதான் நான் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். "காம்பு எதுக்கு? வெட்டி வுழுற ரெண்டு வட்டத்தயும் எங்கிட்ட குடுங்க பாய். மை ஒத்தும்போது அத நடுவுல வச்சுக்கிட்டாப் போச்சு" என்றேன். இரண்டு ஆண்களும் என்னை மெச்சினார்கள். வீட்டுக்கு வந்து பழைய சாக்கில் போட்டுப் பார்த்தோம். அச்சுத் தகரத்தை வைத்து, நடுவில் வட்டத் தகடுகளை வைத்து, விரலால் அழுத்திக்கொண்டு மையை ஒற்றினால், உடையாத வளையல் இரண்டு அழகாக விழுந்தது. அவர் அந்தச் சாக்கை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

முதல் லோடு போன அன்று அவர் அரும்பாவூர்ப் பக்கம் வெங்காயம் பார்க்கப் போயிருந்தார். தரம் பிரிக்க வந்த பெண்கள் இரண்டு பேரும் நானும் மார்க் போட்டோம். பழைய சாக்கில் ஆற அமரப் போடுவது வேறு, லாரிக்காரன் வாசலில் நின்று ஆரன் அடிக்கும்போது போடுவது வேறு. வெங்காயம் நிறைந்த சாக்கு மேடும் பள்ளமுமாக இருக்கும். வட்டத் தகடு நிற்காமல் நழுவியது. விரலெல்லாம் மை. பத்து மூட்டைக்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. டிரைவர் வேறு, "என்னக்கா, மூட்டைக்கு மருதாணி வைக்கிறியா? மார்க்கெட்டு முடிஞ்சுடும்!" என்று கத்தினார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இரண்டு வட்டத்தையும் தூக்கிக் கொல்லையில் எறிந்தேன். "வுடுங்கடி, சும்மா ஒத்துங்க" என்றேன். மீதி மூட்டைகளில் எல்லாம் நடுவில் ஓட்டையில்லாமல் முழுக்கக் கறுப்பாக இரண்டு உருண்டை விழுந்தது. லாரி போய்விட்டது.

நான் அவரிடம் இதைச் சொல்லவில்லை. சரக்கு விற்றுவிட்டால் சாக்கை யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

நாலாம் நாள் திருச்சி மண்டிக்காரரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அவர் வாசலில் நின்றே சத்தமாகப் படித்தார். "தங்கள் போண்டா மார்க் சரக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தது. தரம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. போண்டா மார்க் இன்னும் வருமா என்று கேட்கிறார்கள். உடனே அனுப்பவும்."

கார்டைத் திருப்பி விலாசம் பார்த்தார். மறுபடியும் படித்தார். "போண்டாவா? வேற யாருக்கோ எழுதுன கார்டு போல."

நான் அடுப்பங்கரையில் நின்று எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். அவர் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு முடித்திருப்பேன். அவர் திட்டவில்லை. பெட்டியைத் திறந்து அந்தப் பழைய சாக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே படுத்துவிட்டார். என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட நாட்கள் குறைவு. அது ஒன்று.

மறுநாள் முதல் பஸ்ஸில் பாயிடம் போனார். பாயும் சும்மா இருந்திருக்கவில்லை, வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு தகட்டில் இடது அரை வளையல்கள், இன்னொரு தகட்டில் வலது அரை வளையல்கள். ஒன்றை ஒற்றிவிட்டு, அதே இடத்தில் மற்றதை வைத்து ஒற்றினால் முழு வளையல் வந்துவிடும். "இன்ஷா அல்லா, இனிமே ஒடையாது" என்று சொல்லி அனுப்பினாராம். இரண்டாவது லோடுக்கு என்னையும் அந்தப் பெண்களையும் அவர் கிட்டவே சேர்க்கவில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் அவரே குனிந்து, இரண்டு முறை ஒற்றினார். அன்று ஆரன் அடித்த டிரைவருக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது. லாரியிலேயே ஏறித் திருச்சிக்கும் போனார்.

போனவர் மறுநாள் மாலை, மழையில் நனைந்த கோழிபோல வந்தார். துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவாகச் சொன்னார். மார்க்கெட்டில் வளையல் மார்க்கை யாரும் சீண்டவில்லை. புது ஊர்ச் சரக்கு என்று ஓரமாக அடுக்கிவிட்டார்கள். போன தடவை வாங்கின ஆட்கள் அந்த மூட்டைகளுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, "என்ன குன்னத்தாரே, போண்டா வரலியா?" என்று இவரிடமே கேட்டிருக்கிறார்கள். இவருக்கு இதுதான் அது என்று சொல்ல வாய் வரவில்லை. தூறலில் வெங்காயம் ஈரம் கோத்துக்கொண்டது. கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார்.

"இன்னொரு லோடு இப்படிப் போனா அவ்வளவுதான்" என்றார். "நாளைக்கே பெரம்பலூர் மண்டிக்குப் போயி எடைக்கு நிக்க வேண்டியதுதான்."

"போண்டாவே போடலாங்க."

"போட மாட்டேன். உன் கையில கெடந்தத வித்துட்டு, அதப் போண்டான்னு ஊரு சிரிக்கிறத நான் பாக்கணுமா?"

அவர் குரல் உடைந்திருந்தது. ஆனால் இரண்டு பேரும் அழுதால் அடுத்த லோடை யார் அனுப்புவது? நான் கண்ணாடி வளையல் போட்ட என் இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இத நேரா பாருங்க. வளையலுக்குள்ள ஓட்டை தெரியுதா?"

அவர் விழித்தார்.

"கழட்டிப் பொட்டியில வச்சாத்தாங்க நடுவுல ஓட்டையா கெடக்கும். கை உள்ள இருந்தா நெறஞ்சுதான் இருக்கும். நீங்க ஒத்துனது கழட்டுன வளையல். நான் போட்டது போட்டுக்கிட்ட வளையல். யாரு என்ன பேரு வேணா வச்சுக்கட்டும்."

இதை நான் யோசித்து வைத்துச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். என் தப்பை மறைக்க வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அது உண்மையாகத்தான் பட்டது. அவர் என் மடக்கிய கைகளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சோறு போடு" என்றார்.

மறுநாள் கொல்லையில் கிடந்த அந்த இரண்டு வட்டத் தகட்டையும் தேடி எடுத்து, பழைய இரும்புக்காரனிடம் அவரே போட்டுவிட்டார். அடுத்த லோடு இரண்டு கறுப்பு உருண்டையோடு போயிற்று. அன்று காலையே மார்க்கெட்டில் தீர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு பெயரே இல்லை. நான் போண்டாக்காரம்மா. எங்கள் வீடு போண்டா வூடு. பஸ் கண்டக்டரே, "போண்டா வூடெல்லாம் எறங்கு" என்று விசில் அடிப்பார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைக் கண்டால் நிஜப் போண்டா இரண்டைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். அவர் அதைத் தின்பார், ஆனால் அந்தச் சொல்லை மட்டும் சொல்ல மாட்டார். 'நம்ம மார்க்' என்பார். மண்டிக்குக் கடிதம் எழுதினாலும் 'நமது மார்க்' என்றுதான் எழுதுவார். நான் எத்தனையோ தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். மனிதர் வாயைத் திறக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் என்னை அரியலூருக்கு அழைத்துக்கொண்டு போனார். எதற்கு என்று சொல்லவில்லை. விற்ற அதே நகைக்கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். பழைய வளையல் எப்போதோ உருகிப் போயிருக்கும். அதே கனத்தில், ஆனால் நான் வரைந்த மாதிரி பூ வேலைப்பாடு இல்லாத இரண்டு வளையலைக் கேட்டு வாங்கினார். கடைக்காரர் போட்டுவிட வந்தபோது, "இருங்க" என்று தடுத்துவிட்டு அவரே என் கையைப் பிடித்துப் போட்டார். வேலை செய்து செய்து என் கை பெருத்துவிட்டிருந்தது. சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கித்தான் ஏற்ற முடிந்தது. வலித்தது. நான் சொல்லவில்லை.

இரண்டாவது வளையலும் ஏறியதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கிவிட்டது போலிருந்தது. கடையில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு கையையும் மடக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு இத்தனை வருடமாகச் சொல்லாமலிருந்ததைச் சொன்னார்.

"போண்டா."

நான் சிரித்த சிரிப்பில் கல்லாவில் இருந்தவர் எழுந்தே விட்டார். "என்னம்மா, வடிவம் புடிக்கலியா? மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டார்.