நாலாம் நம்பர் நாயின் கழுத்துப் புண்

ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போட்டவருக்குப் பிளாஸ்திரி என்று பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் நோயாளிகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டதுதான் ஆச்சரியம். காய்ந்து ஒட்டிப்போன கட்டை உப்புத் தண்ணீரில் நனைத்து, ஊறவிட்டு, மெல்ல எடுக்க வேண்டும். அந்த வேலையில் சேருகிற எவருக்கும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது. பிளாஸ்திரிக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. ஒரு முனையைப் பிடிப்பார், ஒரே இழுப்பு. அலறுகிறவர்களைப் பார்த்து, "ஒரு இழுப்புன்னா ஒரு வலி. மெதுவா எடுத்தா நூறு வலி. எது வேணும்?" என்று கேட்பார். ஆனால் அவர் கை பட்ட புண் சீழ் பிடித்ததாக ஒரு டாக்டரும் குறை சொன்னதில்லை. கைராசிக்காரர் என்று மெச்சினார்கள். அந்த மெச்சலில் மனிதருக்குத் தலைகால் புரியாமல் போயிற்று.

வீட்டிலும் அதே கைதான். மகன் சின்ன வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் முதலில் ஓர் அறை, பிறகுதான் மருந்து. மறுநாள் கட்டை உரிக்கும்போது அழுதால், அதையே திரும்ப ஒட்டித் திரும்ப உரிப்பார். அழுகை நிற்கும்வரை இது நடக்கும். ஏழு வயதில் அவன் அழுவதையே நிறுத்திவிட்டான். "பாத்தியா, பழகிட்டான்" என்று மனைவியிடம் பெருமை வேறு. மகன் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போன அன்றே அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போய்விட்டாள். ஆறு வருஷமாகப் பிளாஸ்திரியின் வீட்டுப் பக்கம் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. நன்றாக வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

அப்படிப்பட்ட வீட்டு வாசலில் ஒரு நாள் மகன் வந்து நின்றான், ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு. காவல் நாய்களைப் பழக்கிச் சரக்குக் கிடங்குகளுக்கு அனுப்புவது அவன் தொழில். இது நாலாம் நம்பர். கழுத்துப் பட்டை உரசி உரசி, உள்ளங்கை அகலத்துக்குச் சீழ்ப் புண்.

"டாக்டர் மருந்து குடுத்துட்டாரு. தினம் ரெண்டு வேளை கழுவிப் போடணும். கிட்ட போன ரெண்டு பேரைக் கடிச்சிடுச்சு," என்றான் வாசலுக்கு வெளியே நின்றபடியே. "அம்மாதான் இங்க கொண்டுபோகச் சொன்னாங்க."

"அவ சொன்னாளா?"

"மத்தது எப்படியோ, புண்ணு விஷயத்துல உங்கள மிஞ்ச ஆள் கிடையாதாம்."

பிளாஸ்திரி வேலையில் இறங்கினார். புண்ணைச் சுற்றி முடியை ஒட்டக் கத்தரித்தார். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை ஆறவைத்துக் கழுவினார். நாய் பின்னங்காலால் சொறிந்துவிடாமல் இருக்க, தம் பழைய காலுறைகளை அதன் கால்களில் மாட்டிக் கட்டினார். அது பல்லைக் காட்டி உறுமும்போதெல்லாம் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். ஒட்டியிருந்த பஞ்சை நனைத்து, ஊறவிட்டு எடுத்தார். முப்பத்தோரு வருஷ வேலையில் ஒரு நாளும் செய்யாதது. நாய்மேல் பாசமா? மண்ணாங்கட்டி. தம் விரல்கள்மேல் பாசம்.

மகன் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் புண்ணைப் பார்க்க வந்தான். முதல் நாள் வாசலோடு சரி. மூன்றாம் நாள் பின்கட்டு வரை வந்தான். ஆறாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தான். பேச்செல்லாம் புண்ணைப் பற்றித்தான். சீழ் நின்றுவிட்டது, வீக்கம் வற்றிவிட்டது, அவ்வளவே. எட்டாம் நாள் எழுந்து போகும்போது, "அம்மாவுக்கு முழங்கால் வலி. மாடி ஏற முடியல" என்றான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கிழவர் மறுநாள் முழுக்க ஓட்டினார்.

பத்தாம் நாள் புண் பொருக்குத் தட்டிவிட்டது. அருமையான பொருக்கு. மகன் குனிந்து பார்த்து, "நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

பிளாஸ்திரி கணக்குப் போட்டுப் பார்த்தார். நாய் போனால் ஐந்து மணியும் போய்விடும்.

மறுநாள் மத்தியானம் இடுக்கியை எடுத்துக்கொண்டு நாயின் முன்னால் உட்கார்ந்தார். பொருக்கின் ஓரத்தைப் பிடித்தார். ஒரே இழுப்பு. நாயின் நான்கு கால்களும் உதறின. அவர் மணிக்கட்டை வாயால் கவ்வியது. பல் பட்டது, அழுந்தவில்லை. பிறகு வாயை எடுத்துவிட்டு அதே மணிக்கட்டை நக்கியது.

"ரத்தம் கசியுது. உள்ள இன்னும் ஆறல. அவசரப்படக் கூடாது," என்றார் மகனிடம், சாயங்காலம்.

"உங்களுக்குத் தெரியாததா," என்றான் அவன்.

ஏழு வாரம் இப்படியே போயிற்று. பொருக்குத் தட்டுவதும் உரிப்பதும். ஒவ்வொரு தடவையும் நாயின் தலையைத் தடவி, "இதான் கடைசி" என்று சொல்லிவிட்டுத்தான் உரித்தார். பாவம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றி என்ன பிரயோஜனம்? நாயும் கற்றுக்கொண்டது. இடுக்கியைப் பார்த்ததும் தானாகவே படுத்துக் கழுத்தைத் தூக்கிக் காட்டும். சத்தம் போடாது. மகனோ இப்போது அரை மணி நேரம் உட்கார ஆரம்பித்திருந்தான். அம்மா அவரை விசாரித்ததாக ஒரு நாள் சொன்னான். இன்னொரு நாள், "ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகட்டுமான்னு கேக்கறாங்க" என்றான்.

அவள் வந்தாள். சாயங்காலம் வந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். வெயிலானாலும் பரவாயில்லை என்று மத்தியானமே மகன் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசல் கதவு திறந்திருந்தது. இருவரும் பின்கட்டுக்கு வந்தபோது, பிளாஸ்திரி பொருக்கை இழுத்து முடித்திருந்தார். இடுக்கியின் முனையில் அது தொங்கியது. நாயின் கழுத்திலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் பார்த்தாள். வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

"ஏய், இரு! நான் சொல்றதக் கேளு!" என்றார். அவள் தெருவுக்கே போய்விட்டாள்.

மகன் நாயைக் கூப்பிட்டான். அது அசையவில்லை. கழுத்தைத் தூக்கிக் காட்டியபடியே கிடந்தது.

"நீங்க ரெண்டு பேரும் வரணும்னுதான்டா," என்றார் பிளாஸ்திரி. "அதுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. பழகிடுச்சு. இத்தன நாள்ல ஒரு தடவகூட என்னக் கடிக்கல, தெரியுமா?"

"நானுந்தான் கடிக்கல," என்றான் மகன்.

பிளாஸ்திரி இடுக்கியும் கையுமாகவே எழுந்தார்.

"இடுக்கியக் கீழ வைங்கப்பா. அது கையில இருக்கறவரைக்கும் நாய் எந்திரிக்காது."

வைத்தார். நாய் எழுந்து மகனோடு போயிற்று.