அட்டை ஜீப்புக்கு அடித்த பச்சை

ஒரு தப்பும் செய்யாத ஒரு பெண்ணை, நாற்பது பேர் பார்க்க, கலப்படக்காரி என்று சொல்லி வேலையைவிட்டுத் துரத்தியிருக்கிறேன்.

இத்தனை வாரங்களில் இதை இந்தப் பக்கத்தில் எழுதியதே இல்லை. மூட்டுவலியை எழுதினேன், பல் செட் தொலைந்ததை எழுதினேன்... இதை மட்டும் தாண்டித் தாண்டிப் போனேன். போன வாரம் மாட்டிக்கொண்டேன்.

பேத்தியின் ப்ளே ஸ்கூலுக்காக மருமகள் அட்டையில் ஒரு வண்டி செய்துகொண்டிருந்தாள். பெயின்ட் எல்லாம் பிரமாதம். சக்கரம்தான் சுற்றவில்லை.

“ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாப் போடும்மா. குச்சி அட்டையைப் பிடிக்கக் கூடாது. குச்சி சுத்தணும், அதோட சக்கரம் சுத்தணும்” என்றேன்.

சுற்றியது!

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும், மாமா?”

“குரங்கணியில ஒரு அம்மாகிட்ட கத்துக்கிட்டேன்.”

அது பாதி உண்மை. மீதிப் பாதியை உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், மேனேஜராக இருந்தேன். மதுரையில் பி.காம். படித்தவன் என்ற திமிர் நிறைய உண்டு. கூடத்தில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரிப்பார்கள் — பருத்தது தனி, சிறுத்தது தனி, வெடித்தது தனி, வெளுத்தது தனி. பச்சை கூடினால் விலை கூடும். அதனால் சிலர் வெளுத்த காய்க்குச் சாயம் ஏற்றி விற்பார்கள். எங்கள் ஊர் எதை வேண்டுமானாலும் மறக்கும். சாயம் ஏற்றியவரை மறக்காது.

கிட்டங்கிப் பெண்களின் பிள்ளைகள் எட்டுப் பேர், எல்லாம் இரண்டு வயது, மூன்று வயது. அவர்களைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது ராக்கம்மாவின் வேலை. பக்கத்து ஊரான சிலமலைக்காரி. புருஷன் இல்லை. எட்டில் ஒருத்தி அவள் மகள் தங்கம்.

அந்த மாதம் வடக்கே அனுப்பிய சரக்கு திரும்பி வந்தது. ‘தண்ணீரில் போட்டால் பச்சை இறங்குகிறது’ என்று கடிதம். முதலாளி ஆடித் தீர்த்துவிட்டார். “எவன் கைவரிசைன்னு எனக்குத் தெரியணும்!”

எவனுடையது? சாயம் ஏற்றியது யாரோ. அதை வாங்கியது நான்.

ஈரத் துணியில் நாலு காயைத் தேய்த்துப் பார்ப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. மலையில் அந்தச் சரக்கை வாங்கிய அன்று கொட்டோ கொட்டென்று மழை. ஈரத்துக்கா பஞ்சம்? ஆனால் ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் தேய்க்காமல் மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டேன்.

இதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி தாழ்வாரத்துப் பக்கம் போனேன். எட்டுப் பிள்ளைகளின் கையும் பச்சை. ராக்கம்மா கை முழங்கை வரை பச்சை. நடுவில் ஒரு சட்டி நிறையப் பச்சைக் குழம்பு.

அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வந்தது என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். எனக்கு வந்தது நிம்மதி.

“என்னது இது?”

“சாயம் சார். ஜீப்புக்கு...”

அவள் முடிக்கவில்லை. நான் முடிக்க விடவில்லை. தங்கம் ஓர் அட்டை ஜீப்பை என் செருப்பின் மேல் ஏற்றி, “டுர்ர்ர்...” என்று ஓட்டியது. காலால் தள்ளிவிட்டேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனேன்.

“பாருங்க! பிள்ளை பார்க்கிறேன்னு சொல்லிட்டு இவ பின்னால என்ன காய்ச்சியிருக்கான்னு பாருங்க!”

ராக்கம்மா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “சார், அது அவரை எலை சார். அரைச்சு மாவுல கலந்தது சார்...”

“சாயம்னு நீதானே சொன்னே?”

அவ்வளவுதான் விசாரணை. அரை நிமிஷம். சாயங்காலத்துக்குள் கிட்டங்கித் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. போடியில் அவளுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. மகளை அழைத்துக்கொண்டு மலைமேல் குரங்கணிப் பக்கம் காப்பி பறிக்கப் போய்விட்டாள் என்றார்கள்.

மூன்றாம் நாள் சுப்புத்தாய் — காய் பிரிப்பவர்களில் மூத்தவள், வாய்க்காரி — என் மேஜைக்கு வந்தாள்.

“சார், அது நெசமாவே அவரை எலைதேன். ஒரு சொட்டு நக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எங்க புள்ளைக பாதிச் சட்டிய நக்கிருச்சுக. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல.”

பல பிள்ளைகளின் அப்பாக்கள் தோட்ட வேலைக்குத் திங்கட்கிழமை ஜீப்பில் மலையேறி, சனிக்கிழமை இறங்குகிறவர்கள். திங்கட்கிழமை வந்தால் பிள்ளைகள் அழுது புரளும். ராக்கம்மா மருந்துக் கடையில் பழைய அட்டைப் பெட்டி வாங்கி, விளக்குமாற்றுக் குச்சியில் சக்கரம் கோத்து, ஆளுக்கொரு ஜீப் செய்ய வைத்திருக்கிறாள். மஞ்சளுக்கு மஞ்சள்தூள், சிவப்புக்குச் செங்கல்பொடி. நிஜ ஜீப் பச்சை. அதனால் அவரை இலை. திங்கட்கிழமை ஜீப்பைத் தாழ்வாரத்துப் படியில் ஏற்றி வைப்பார்களாம். சனிக்கிழமை இறக்குவார்களாம். அழுகை நின்றுவிட்டதாம்.

எல்லாம் தெரிந்துகொண்டேன். என்ன செய்தேன்?

“சரி, போய் வேலையைப் பாரு” என்றேன்.

ஏழு வருஷம் ஓடியது. தப்பு அரை நிமிஷம், அதை மூடி வைத்தது ஏழு வருஷம். இரண்டில் எது பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் குரங்கணியிலிருந்து பஞ்சாயத்துக்காரர் ஒருவர் வந்தார். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மையம் வருகிறது, சாப்பாடும் உண்டு, ஆயா வேலைக்கு ராக்கம்மா என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள் என்றார்.

“ஆளு தங்கமானவதேன். ஆனா ஊர்ல ஒரு பேச்சு... உங்க கிட்டங்கியில சாயம் கலந்தவளாமே? காயில கலந்தவ சோத்துல கலக்க மாட்டாளான்னு பொம்பளைக கேக்குறாக. அடுத்த மாசம் ஆளை முடிவு பண்ணணும். நீங்கதேன் அப்ப மேனேஜரு. ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். பேனாவைக்கூட எடுத்தேன். ஆனால் நான் அவளைப் பழித்தது கடிதத்திலா? நாற்பது பேர் முன்னால் அல்லவா?

அவரையும் முதலாளியையும் அழைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். சட்டியில் இருந்தது அவரை இலை என்றேன். சாயக் காயைத் தேய்த்துப் பார்க்காமல் வாங்கியவன் நான் என்றேன். மூன்றாம் நாளே எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏழு வருசமா வாயில என்னய்யா வச்சிருந்தீரு? ஏலக்காயா?”

கூடமே சிரித்தது. சுப்புத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

“எங்க சோலி போயிருமேன்னு நாங்க வாயப் பொத்திக்கிட்டோம் சார். நீங்க எதுக்குப் பயந்தீக?”



அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் பிடித்துக் குரங்கணி போனேன். ராக்கம்மா வீட்டு வாசலில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர். நடுவில் ஓர் அட்டை லாரி. ஒரு பிள்ளை அதற்குப் பெயின்ட் அடித்தது. ஒன்று லாரிக்கு அடிக்காமல் தன் வயிற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது. பத்து வயதுத் தங்கம் அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா இவரு?” என்றாள் தங்கம்.

ராக்கம்மா என்னைப் பார்த்தாள். என்ன சொல்வாள்? சொல்வதற்கு எத்தனையோ இருந்தது.

“போடியில ஒரு கிட்டங்கியில இருக்காரு” என்றாள். அவ்வளவே.

கூடத்தில் பேசியதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் பசைச் சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

“நீங்க அன்னைக்கு ஒருக்காதேன் சொன்னீக. அது ஏழு வருசம் நடந்து இந்த மலை வரைக்கும் வந்துச்சு. இப்ப ஒருக்காச் சொன்னாப் போதுமா சார்? இது எப்ப மலையேறி வந்து சேரும்? வேலைக்கு ஒரு மாசந்தேன் கெடக்கு.”

கணக்குப் பாடத்தில் பி.காமை அவள் தோற்கடித்துவிட்டாள்.

“நான் என்ன செய்யட்டும்?”

“அத நீங்க யோசிங்க. இப்பச் சும்மா நிக்காம ஒக்காந்து ரெண்டு சக்கரம் வெட்டுங்க.”

வெட்டினேன். டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டும் என் சக்கரம் முட்டை வடிவத்தில்தான் வந்தது. லாரி தத்தித் தத்திப் போனது. வயிற்றில் பெயின்ட் அடித்த குழந்தை தீர்ப்பு சொன்னது: “நொண்டி லாரி.”

திரும்பும்போது ஜீப்பில் பதினைந்து பேர். கூடை, மூட்டை, கோழி. மூச்சுவிட இடமில்லை, வாய்க்கு மட்டும் இடம் இருந்தது. பக்கத்திலிருந்த அம்மாவிடம் ஆரம்பித்தேன். “குரங்கணி ராக்கம்மாவைத் தெரியுமா? சாயம் கலந்தது அவ இல்ல. சாயக் காயைத் தேய்ச்சுப் பார்க்காம வாங்கினது நான்தான்...”

அந்த அம்மா நகர்ந்து உட்காரப் பார்த்தாள். இடமில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

அடுத்த நாலு வாரம் எனக்கு அதுதான் சோலி. ஞாயிறு மட்டுமல்ல, சாக்குக் கிடைத்த நாளெல்லாம் ஜீப் ஏறினேன். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு டிரைவரே ஆரம்பித்துவிட்டார். “அண்ணே, சாயக் கதையச் சொல்லுங்க, ரோடு வெரசாப் போகும்!” சனங்கள் சிரித்தார்கள். “சட்டிய நக்கிப் பாக்குறதுக்கு என்ன சார், படிச்சவகளுக்குக் கசக்குமா?” என்று ஒருவர். சில பேர் திட்டினார்கள். ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். சிரிப்பைவிட அது உறுத்தியது. வாங்கிக்கொண்டேன்.

நான் சொன்னதால் மட்டும் வேலை கிடைத்தது என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். சுப்புத்தாயும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பஞ்சாயத்துக்காரர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். எப்படியோ ராக்கம்மாவுக்கு அந்த வேலை கிடைத்தது.

மையம் திறந்த அன்று ஒரு கட்டு அட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். ராக்கம்மா வாசலில் நின்றாள். என்னை மன்னித்துவிட்டதாக அவள் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. “பசை அங்கிட்டு இருக்கு” என்றாள்.

இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து சக்கரம் வெட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ராக்கம்மா காதருகே குனிந்து — எனக்கும் கேட்கும்படியாகத்தான் — கேட்டாள்.

“யக்கா, இது அந்தச் சாயக்காரருல்ல? இவரு கையில எம்புள்ளையக் குடுத்துற மாட்டீங்களே?”

“மாட்டேன்டி ஆத்தா. அவருக்குச் சக்கரம் மட்டுந்தேன்.”

அந்தப் பெண் நிம்மதியாகக் குழந்தையை ராக்கம்மாவிடம் கொடுத்துவிட்டுப் காப்பி பறிக்கப் போனாள்... அந்தக் கெட்ட பெயர் ஒருவழியாக உரிய ஆளிடம் வந்து சேர்ந்துவிட்டது!