தாய்மாமன் இலையில் அரைத்தலை

கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டில் வைக்கும் விருந்தில், மீனின் தலை பெண்ணின் தாய்மாமன் இலைக்குத்தான் போக வேண்டும், அதுவும் முழுதாக. எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இதுதான் விதி. எழுதி வைக்கப்படாத விதி என்பதால் அதற்குத் திருத்தமும் இல்லை, மேன்முறையீடும் இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கர். கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, அந்தப் படிப்பைக் கொண்டு கொழுந்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு காலை, தொழிற்சாலைக் காவலாளி அலுவலக வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, மருமகள கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.”

“யாரு?”

“அதோட தாய்மாமன், கொஸ்லந்தைக்காரரு. கை நீளத்துக்கு கத்தாளை மீனு வாங்கிப் போட்டேங்க. சின்ன மீனு தலைய வச்சு ஏமாத்திட்டேன்னு பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சிட்டாரு. மன்னிப்புக் கேட்டாத்தான் புள்ளைய அனுப்புவாராம்.”

“கேட்டுவிட வேண்டியதுதானே?”

“பெரிய மீன வாங்கிப்புட்டு, சின்ன மீனுன்னு மன்னிப்புக் கேக்கவா?”

நியாயமான ஆட்சேபம். பின்னால் நின்ற அவர் மகன், மாப்பிள்ளைப் பையன், எந்த ஆட்சேபத்திலும் அக்கறையில்லாதவனாக, கலியாணச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றான். “மாமா அந்தத் தலையில இருந்த கல்ல வேட்டியில முடிஞ்சு வச்சிருக்காருங்க,” என்றான். “கல்லடைப்புக்கு ஒரசிக் குடிக்கலாம்னு.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படித்து முடித்த நாளிலிருந்து என்னிடம் யாரும் கேட்காத விஷயம் அது. அந்தக் கல் மீனின் காதுக்குள் இருப்பது. மீன் வளர வளர அதுவும் வளரும். கல்லை அளந்தால் மீனின் நீளத்தை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் கணக்கு வேறு. கத்தாளைக்கான கணக்கைக் கேட்டு, கொழும்பில் மீன்களை ஆராயும் ஓர் அலுவலகத்துக்கு முறைப்படி எழுதினேன்: தோட்டத்தின் மேலாளரான துரை மூலமாக, மூன்று பிரதிகளில்.

“பதில் எப்பங்க வரும்?” என்றான் பையன்.

அரசாங்கத்தை அறிந்தவன் என்ற முறையில், “வரும்,” என்று மட்டும் சொன்னேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பதுளைச் சந்தைக்குப் போனேன். கீழே மொனராகலை வழியாக லொறியில் வரும் கரையோர மீனை விற்கும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், எனக்குப் பழக்கம். கை நீளத்தில் ஒன்று, சாண் நீளத்தில் ஒன்று, இரண்டு கத்தாளைகளை அளந்துவிட்டு, தலையைப் பிளந்து கல்லை எடுத்துத் தரச் சொன்னேன்.

“எல்லாரும் மீனு கேப்பாங்க. நீங்க மண்டைக்குள்ள இருக்கிற கல்லு கேக்குறீங்க,” என்றார் நானா. “வீட்ல எல்லாரும் சொகந்தானே ஐயா?”

பெரிய மீனின் கல் புளியங்கொட்டை அளவு. சிறியதன் கல் துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டையும் கடதாசியில் மடித்துக்கொண்டு, பையனுடன் கொஸ்லந்தைக்குப் பஸ் ஏறினேன்.

தாய்மாமன் எங்களை உட்காரச் சொன்னார். தேத்தண்ணீரும் கொடுத்தார். கோபம் வேறு, தேத்தண்ணீர் வேறு என்று பிரித்து வைத்திருக்கும் மனிதர். வேட்டி முடிச்சை அவிழ்த்துக் கல்லை என் உள்ளங்கையில் வைத்தார். புளியங்கொட்டையேதான். நானாவின் பெரிய கல்லோடு சேர்த்து வைத்தால், எது எவருடையது என்று நானே தடுமாறியிருப்பேன்.

“பெரிய மீன்தான், பெரியவரே.”

“அப்ப கொழம்புல கொழைஞ்சு கெடந்த தலை ஏன் இம்புட்டூண்டு இருந்துச்சு?”

“ஒரு தலையில் இந்த மாதிரிக் கல் இரண்டு இருக்கும். உங்களுக்கு எத்தனை கிடைத்தது?”

“ஒண்ணுதான்.”

“அப்படியென்றால் நீங்கள் சாப்பிட்டது பாதித் தலை.”

அவர் பாயை விட்டு எழுந்துவிட்டார். “மத்த பாதிய எவன் தின்னான்?”

பையன் என்னைப் பார்த்தான். சமாதானம் பேச வந்த நான் புதிய வழக்கொன்றை உண்டாக்கியிருந்தேன்.

“நாந்தான் மாமா,” என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. புதுப்பெண். “பசிக்குதுன்னு அத்தைகிட்ட சொன்னேன். நீங்க ஒக்கார்றதுக்கு முன்னாடியே பொளந்து பாதிய அடுப்படியில வச்சுக் குடுத்துட்டாங்க.”

“அத ஏண்டி அன்னைக்கே சொல்லல?”

“நீங்க எங்க பேச விட்டீங்க? கழுவுன கை காயறதுக்கு முந்தி இழுத்துக்கிட்டு வந்துட்டீங்களே.”

மனிதர் திரும்பப் பாயில் உட்கார்ந்தார். பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின. அது சிரிப்பு என்று தெரியச் சற்று நேரமாயிற்று.

“ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி என் மருமகளுக்கு. அப்ப முழுத்தலையும் நம்ம பக்கந்தானே வந்திருக்கு?”

ஆமாம் என்றேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் பையன் அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்திருந்தான். கடைசி பஸ்ஸில் மூவரும் திரும்பினோம். வழி முழுக்க அவர்கள் என்னை மறந்துவிட்டிருந்தார்கள்.

கொழும்பிலிருந்து பதிலும் வராமல் இல்லை. கத்தாளைக்கான கணக்கு இன்னும் தயாராகவில்லை. சம்பந்தப்பட்ட மீனை முழுதாக அனுப்பினால் அளந்து அறிவிப்போம் என்று எழுதியிருந்தார்கள். அது எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த நாள், அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்த வெள்ளிக்கிழமை.