சந்தனம் வைத்த இறக்கை

என் மேசையில் பேனாக்கள் நிற்கும் குவளையில் கறுப்பாக ஓர் இறக்கைத் துண்டும் நிற்கிறது. ட்ரோனின் இறக்கை, பாதியில் முறிந்தது. அடியில் காய்ந்த சந்தனம், ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. கொல்கத்தா கரியாஹாட்டில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்குக் கல்யாண ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் பேச்சுவாக்கில் அதை எடுத்து முதுகு சொறியப் போவார்கள். நான் பிடுங்கிவிடுவேன். சந்தனம் என் மனைவி அரைத்தது. கறை மேடத்தின் ரத்தம்.

மேடத்திடம் நான் போய்ச் சேர்ந்ததே அடிபட்டுத்தான். ஜாதவ்பூரில் ஒரு கல்யாணத்தில், சான்றிதழ் எதுவும் இல்லாமல் நான் பறக்கவிட்ட ட்ரோன் விளக்குச் சரத்தை அறுத்துக்கொண்டு மீன் வறுக்கும் எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. சமையல்காரரின் கால் வெந்தது. அவர் ஜல்லிக்கரண்டியோடு என்னை நோக்கி நொண்டி வருவதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் முந்திக்கொண்டார்கள். ஒரு கடைவாய்ப் பல் அன்றைக்கு என்னிடமிருந்து விடைபெற்றது. செய்தி தென்கொல்கத்தா முழுக்கப் பரவி, எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி சான்றிதழ் பற்றியதாகவே இருந்தது. என் மனைவி ரத்தினச் சுருக்கமாகச் சொன்னாள்: “சர்ட்டிஃபிகேட்டோட வாங்கோ, இல்லேன்னா கடையைப் பூட்டிண்டு ஆத்துல உக்காருங்கோ. நீங்க ஆத்துல உக்காந்தா நான் வெளில போயிடுவேன்.”

அப்படித்தான் ஐம்பதை நெருங்கும் வயதில், பாலிகஞ்ச் ஸ்டேஷனில் லோக்கல் ரயிலேறி, சோனார்பூருக்கு அப்பால் ஒரு பொட்டல் மைதானத்தில் இருந்த பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். அங்கே ட்ரோன் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மேடத்துக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழரின் மகள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேயே. வீட்டில் பேசும் தமிழில் வங்காளம் கலந்து, ஆண்பால் பெண்பால் ஒன்றும் ஒழுங்காக நிற்காது. மேசை ‘அவன்’, ரயில் ‘அவன்’, ட்ரோன் கண்டிப்பாக ‘அவன்’. முதல் வகுப்பில் பாடமே நடத்தவில்லை. கட்டிப்போட்ட ட்ரோனை ஓடவிட்டு, பழுத்த பப்பாளி ஒன்றை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். அடுத்த கணம் பப்பாளி என் சட்டையிலும் கண்ணாடியிலும் மீசையிலும் இருந்தது. “இவன் பொம்மை இல்ல மாமா, நாலு கத்தி. தப்புப் பண்ணினா உடனே கொல்லணும்” என்றாள். கொல்வது என்றால் இரண்டு குச்சிகளையும் கீழே இழுத்து உள்பக்கம் சேர்ப்பது. எல்லா மோட்டாரும் அங்கேயே செத்துவிடும். அதன் பிறகு தினமும் திடீர் திடீரென்று காதருகில் வந்து “கொல்லுங்கோ” என்று கத்துவாள். நான் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்குவேன், கொள்ளைக்காரனிடம் அகப்பட்டவனைப் போல. பயம் வந்தால் என் உடம்பில் ஒவ்வோர் உறுப்பும் தனிக்கட்சி தொடங்கிவிடும். அவள் ரிமோட்டைப் பொறுக்கி மறுபடி கையில் திணிப்பாள், சில சமயம் விரல் முட்டியில் ஓர் அடியும் சேர்த்து.

தேர்வுக்கு முதல் நாள் விஸ்வகர்மா பூஜை. கொல்கத்தாவில் அன்றைக்கு இயந்திரங்களுக்கு ஓய்வு. வானம் முழுக்கக் காற்றாடிகள் ஒன்றின் கழுத்தை ஒன்று அறுத்துக்கொண்டிருக்கும். பள்ளியிலும் பூஜை. எங்களூர் ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல இதற்கும் செய்தாக வேண்டும் என்று என் மனைவி டிபன் பாக்ஸில் சந்தனத்தோடு வந்துவிட்டாள். அவளுக்குத் தாராளக் கை. ஒவ்வோர் இறக்கையிலும் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்கம்மா இப்படித்தான் ஃப்ரிட்ஜுக்கு வெப்பா மாமி. அந்த ஸ்பேர் ட்ரோனுக்கும் வெச்சிடுங்கோ, பாவம், அவன் தனியா நிக்கறான்” என்றாள். மறுநாள் காலையில் இறக்கைகளைச் சோதித்துத் துடைப்பதுதான் முறை. அவளே எங்களுக்கு மனப்பாடம் செய்வித்த முறை. துணியை எடுத்தாள், சந்தனத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பூஜை போட்ட சந்தனத்தைத் துடைக்க இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. தேர்வு நடத்த வந்த சோதனையாளர் வங்காளி, இதென்ன மஞ்சள் என்று கேட்டார். மங்களம் என்றாள் மேடம். அவரும் தலையாட்டினார்.

ட்ரோன் எழும்பியதுமே குரல் மாறியிருந்தது. குளவி போல ரீங்கரிப்பது, தொண்டை கட்டிய குளவியாகிவிட்டது. இறக்கைக்கு இறக்கை எடை மாறினால் உடம்பு முழுக்க உதறும். உதறினால் அதன் புத்தி பேதலிக்கும். தேர்வுக்குச் சொன்னபடி வானில் சதுரம் போட்டேன். எட்டு போடத் தொடங்கும்போது அது எட்டை விட்டுவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்தது. சாய்ந்து, சரிந்து, தரையில் மோதி, மோதிய பிறகும் சாகாமல் புல்லையும் மண்ணையும் வெட்டி எறிந்தபடி கால் அறுந்த மிருகம்போல என்னை நோக்கி வந்தது. கொல்ல வேண்டியது நான். என் கட்டைவிரல்களோ குச்சியை மேலே, மேலே தள்ளின. முழு வேகத்தில் ஊட்டம் கொடுத்தேன் அதற்கு. வாய் மட்டும் ஏனோ கந்த சஷ்டி கவசத்தை நடுவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது.

மேடம் குறுக்கே பாய்ந்தாள். உதைத்தாள், அது திரும்பியது. அதன் முதுகை அழுத்திப் பேட்டரியை உருவக் கையை நீட்டினாள். ஈரத் துணியை அறைந்தது போல ஒரு சத்தம். அவள் வலது கட்டைவிரல் அடிமூட்டில் திறந்துகொண்டது. ரத்தம் விசிறியடித்து என் கண்ணாடியில் தெறித்தது. ஒரு கணம் பப்பாளி என்றே நினைத்தேன். அலறுவாள் என்று பார்த்தேன். அவள் முழங்காலால் அதை மண்ணோடு அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்து, “மாமா, அவனைக் கொல்லுங்கோ” என்றாள். கத்தவில்லை, கேட்டுக்கொண்டாள். அப்போதுதான் என் விரல்கள் கட்சிக்குத் திரும்பின. கீழே, உள்ளே. எல்லாம் நின்றது. சந்தன இறக்கை ஒன்று பக்கத்தில் முறிந்து கிடந்தது.

அவள் கையில் என் தோள்துண்டைச் சுற்றி, பள்ளி ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் அழுத அழுகையில் நர்ஸ் என்னைத்தான் முதலில் படுக்கவைத்தாள். மேடத்தின் விரல் தப்பியது, அதை மடக்கும் நரம்பு தப்பவில்லை. மறுதேர்வுக்கு நான் வரமாட்டேன், கடையை மூடிக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். கட்டுப் போட்ட கையோடு அவளே கரியாஹாட்டுக்கு வந்து ஸ்டூடியோ வாசலில் நின்றாள். “நான் கையைக் குடுத்திருக்கேன் மாமா. நீங்க பாஸாகாம போனா அவன் ஜெயிச்ச மாதிரி.” போனேன். ஈரத் துணியால் இறக்கைகளை நானே துடைத்தேன். எட்டு போட்டேன். சோதனையாளர் சிரிக்காமல் கைகொடுத்தார். மேடம் விரைத்த கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அது வேறு மாதிரி நிற்காது என்பதால் பாராட்டா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

போன மாதம் பாலிகஞ்ச்சில் ஒரு மொட்டைமாடிக் கல்யாணம். ஊர்வலத்தைப் படமெடுக்கும்போது ஒரு பருந்து ட்ரோனை அடித்தது. இறகும் நெருப்புப் பொறியுமாக ட்ரோன் மணப்பெண்ணின் தலைக்கு மேலே தள்ளாடியது. எனக்கு வழக்கம்போலக் கவசம் நடுவிலிருந்து ஆரம்பித்தது. ஆனால் விரல்கள் என்னைக் கேட்கவில்லை. அதைத் தரதரவென்று இழுத்துப் பின்பக்கக் குளத்துக்கு மேலே கொண்டுபோய், கீழே, உள்ளே. தண்ணீர் ஒரு முறை எகிறி அடங்கியது. பெண்ணின் அப்பா என் சட்டையைப் பிடித்தார். பிடித்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

அன்றிரவு மேடத்துக்குப் போன் செய்தேன். அவள் இப்போது பறக்கவிடுவதில்லை, வகுப்பில் பாடம் மட்டும்தான். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, “கொன்னேளா?” என்றாள். கொன்றேன் என்றேன். பிறகு, மாமியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இந்த வருடமும் பூஜைக்கு மனைவி சந்தனம் அரைத்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தாள். புது ட்ரோனைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் நேராக மேசைக்கு வந்து, குவளையிலிருந்து முறிந்த இறக்கையை எடுத்து, பழைய சந்தனத்தின் மேலேயே ஒரு நெல்லிக்காய் அளவு வைத்தாள். கறையின் மேல் கைபடவில்லை. இவன்தான் இனிமேல் பறக்கப்போவதில்லையே.